கண்டத்தை எழுதியது யார்?

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் ஜாதகத்தைப் பார்த்த சோதிடர், "பதினெட்டு வயசு வரைக்கும் தண்ணியில கண்டம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஏரிப்பக்கம் போகக்கூடாது. மாமல்லபுரம் பள்ளிச் சுற்றுலா கிடையாது. தாத்தா வீட்டில் கிணறு இருப்பதால் அங்கே தங்கவும் விடுவதில்லை. "தண்ணியையே காட்டாம வளர்க்கிறோம் அண்ணே" என்றார் அவன் அம்மா.

அந்தத் தாயின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்தப் பாசம் எடுத்த முடிவுதான் பிள்ளைக்கு ஆபத்து என்கிறேன்.

நாம் வாழ்வது ஏரிகளின் மண். ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலை ஒட்டி விரிந்து கிடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் தண்ணீர் ஆளைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்தது. இந்த மண்ணில் தண்ணீரே படாமல் ஒரு பிள்ளையை எத்தனை நாள் ஒளித்து வைப்பீர்கள்?

இன்னொரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். நீச்சல் வீராங்கனை நிஷா மில்லட் ஐந்து வயதில் நீரில் மூழ்கிப் பிழைத்தவர். தண்ணீர் என்றாலே நடுங்கினார். நம் தெருவாக இருந்தால் 'கண்டம் தப்பியது' என்று மொட்டை போட்டு, இனிக் குளம் குட்டைப் பக்கமே போகாதே என்றிருப்போம். அவருடைய தந்தையோ 1991-இல் மகளைச் சென்னை ஷெனாய் நகர் கிளப்பின் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார். மறு ஆண்டே மாநிலப் பதக்கம். 1994-இல் தேசியப் போட்டியில் ஐந்து தங்கம். 1999 மணிப்பூர் தேசிய விளையாட்டில் 14 தங்கம். 2000-இல் சிட்னி ஒலிம்பிக், 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல். தன் ஹீட்டில் முதலாவதாக வந்தார். ஆனால் அந்த நேரம் அரையிறுதிக்குப் போதவில்லை.

2002-இல் முதுகில் அறுவை சிகிச்சை. ஏதென்ஸ் ஒலிம்பிக் வாய்ப்பு நூலிழையில் நழுவியது. பயிற்சிச் செலவும் கழுத்தை நெரிக்க, போட்டியை விட்டார். 'பதக்கம் இல்லையே' என்று நாடு கணக்கை முடித்துக்கொண்டது. அவர் முடிக்கவில்லை. பெங்களூரில் நீச்சல் பள்ளி தொடங்கி, ஒரு காலத்தில் தான் நடுங்கிய அதே நீரில் பிள்ளைகளை இறக்கி நீந்த வைக்கிறார். பதக்கம் ஒருவர் கழுத்தில் தொங்கும்; இந்தக் கல்வி ஊரார் பிள்ளைகளின் உயிரைக் காக்கும். எது பெரிய சாதனை என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒருவர் மூழ்குவது எப்படி என்று பாருங்கள். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் மனித உடல் பெரும்பாலும் மிதக்கும். பயந்தவன் கைகளை மேலே வீசுகிறான். தலை உள்ளே போகிறது. வாய் நீருக்குள் இருப்பதால் கத்தவும் முடிவதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிகிறது. இதில் சனிக்கும் ராகுவுக்கும் வேலையே இல்லை.

2023 ஏப்ரல் 5 அன்று, நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பட்டில், தீர்த்தவாரிக்காகக் கோவில் குளத்தில் இறங்கிய இளைஞர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். இறைப்பணியில் இருந்தவர்கள், ஒரு பாவமும் அறியாதவர்கள். அவர்கள் ஜாதகத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. குளக்கரையில் மிதவை இருந்ததா, கயிறு இருந்ததா, உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர் யாராவது நின்றாரா என்று கேட்கிறேன். 'விதி' என்ற ஒரு சொல்லை உச்சரித்ததும் இந்தக் கேள்விகள் எல்லாம் செத்துப்போகின்றன. அதனால்தான் அந்தச் சொல்லை வெறுக்கிறேன்.

பெண்பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்க ஜாதகமே தேவையில்லை. வயதுக்கு வந்ததும் குளம் மூடிக்கொள்கிறது. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்களும் 391 பெண்களும் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் கணக்கிட்டது. காரணங்கள் பல. பெண்களுக்கு நீந்தவும் மரமேறவும் யாரும் கற்றுத்தராதது அவற்றில் ஒன்று. அலைக்குப் பெண் ஜாதகம், ஆண் ஜாதகம் தெரியுமா?

சோதிடரின் வாக்கைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். பையனுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் 'பரிகாரம் காப்பாற்றியது' என்பார். ஏதாவது ஆகிவிட்டால் 'அன்றே சொன்னேனே' என்பார். எப்படிப் போனாலும் தோற்காத வாக்கு, எதையும் சொல்லாத வாக்கு.

சரி, கண்டம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தத் தெருவில் முதலில் நீச்சல் கற்க வேண்டியவன் அவன்தானே? திருடன் வருவான் என்று தெரிந்தவர் கதவுக்குப் பூட்டு வாங்குவாரா, பூட்டையே கண்ணில் காட்டாமல் இருப்பாரா?

நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குவதுண்டு என்பீர்கள். உண்மை. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கும் விபத்து நடக்கிறது. அதற்காக ஓட்டத் தெரியாதவரிடம் யாரும் வண்டியைக் கொடுப்பதில்லை. பிள்ளையை ஏரியில் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பயிற்சியாளர் இருக்கும் குளத்தில், ஆழம் குறைந்த பக்கத்தில், மூச்சை அடக்கி மிதப்பதிலிருந்து தொடங்குங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வாய்ப்பாடு போல இதுவும் பள்ளியில் நடக்க வேண்டிய பாடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையனை நானே நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கண்டம் கழிய ஒன்பது வருடம் இருக்கிறது என்று அவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நானும் எண்ணுகிறேன். ஐப்பசி மழை இறங்குவதற்குள் அவன் மிதக்கக் கற்றுவிட வேண்டும்.