வீட்டின் வெம்மையை ஆள்பவர் யார்?

வெயிலுக்கும் மழைக்கும் எதிராக மனிதன் எழுப்பிய எல்லையே வீடு. அவ்வெல்லைக்குள் எவ்வளவு வெம்மை வேண்டும், எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை அங்கு வாழ்பவர்க்கே உரியதெனக் காலங்காலமாகக் கருதி வந்துள்ளோம். இன்று அவ்வுரிமையை ஒரு கருவியிடம் ஒப்படைக்கும் வாய்ப்பு எமக்கு வந்துள்ளது. வீட்டார் துயிலெழும் வேளையையும் வெளியே செல்லும் வேளையையும் கற்றறிந்து, குளிரூட்டியையோ வெப்பமூட்டியையோ தானே இயக்கி நிறுத்தும் திறன்மிகு வெப்பநிறுத்திகள் சந்தையில் விற்பனையாகின்றன. இவற்றுள் எதனைத் தெரிவது என்பது விலைப்பட்டியலை நோக்கி முடிவுசெய்யும் காரியம் போலவே தோன்றும். ஆயினும் அதன் அடியில் ஓர் அறவியல் வினா உறைந்து கிடக்கின்றது. எமக்காக முடிவெடுக்கும் பொறுப்பை எவ்வளவு தூரம் பிறிதொன்றிடம் விடலாம்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருவியின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்க உதவும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆசிரியராயிருந்த வாரன் ஜோன்சன் 1883 இல் மின்னால் இயங்கும் அறை வெப்பநிறுத்திக்குக் காப்புரிமை பெற்றார். வகுப்பறையின் வெப்பம் மாறியதும் அடித்தளத்திலிருந்த ஊழியருக்கு அறிவிப்பதே அவர் முதலிற் கண்ட ஏற்பாடு. கருவி சொல்லிற்று, மனிதன் செய்தான். அடுத்துவந்த கருவிகள், மனிதன் குறித்துக் கொடுத்த அளவைத் தாமே காத்து நின்றன. மனிதன் சொன்னான், கருவி செய்தது. 2011 இல் வெளிவந்த 'நெஸ்ற்' போன்ற கருவிகளோ, மனிதனின் பழக்கத்தைக் கற்று அளவையும் தாமே குறிக்கத் தொடங்கின. அறிவித்தல், பணிதல், முடிவுசெய்தல் என்னும் இம்மூன்று படிகளுள் முதல் இரண்டிலும் மனிதனின் தீர்ப்பு அவனிடமே இருந்தது. மூன்றாம் படியிலேயே அது கைமாறுகின்றது.

தறியின் ஓடம் தானே நெய்யுமாயின் எசமானர்க்கு அடிமைகள் தேவைப்படார் என்று அரிஸ்ரோட்டில் தமது 'அரசியல்' நூலிற் குறிப்பிட்டார். தானே இயங்கும் கருவி மனிதனை விடுவிக்கும் என்னும் நம்பிக்கையின் மிகப் பழைய வடிவம் இது. இந்நம்பிக்கைக்கு எதிரான எச்சரிக்கையை ஹெகலின் எசமான் அடிமை உறவு பற்றிய ஆய்விற் காணலாம். எல்லாவற்றையும் அடிமையைக் கொண்டே செய்விக்கும் எசமான், காலப்போக்கில் அவ்வடிமையின்றி வாழவியலாதவனாகி விடுகின்றான். ஆகவே, ஒரு கருவி எமக்கு எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துகின்றது என்பதோடு, அது எமது எந்த ஆற்றலைத் துருப்பிடிக்க விடுகின்றது என்பதையும் நாம் கேட்டாதல் வேண்டும்.

இனி, இவ்வினாவை எமது மண்ணில் வைத்து நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த மயிலிட்டி, மீன்பிடித் துறைமுகத்தாற் புகழ்பெற்ற ஊர். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைத் திசையறிந்து பெயரிட்டு வாழ்பவர்கள் கடற்றொழிலாளர். காற்றைப் படிப்பது அவர்க்குப் பிழைப்பு மாத்திரமன்று. வீட்டை ஆளும் கலையுமாகும். எப்பக்கத்து யன்னலை எந்நேரம் திறப்பது, எந்த மாதத்தில் முற்றத்திற் படுப்பது, வேம்பை வளவின் எந்த மூலையில் வளரவிடுவது என்பனவெல்லாம் அக்கலையின் கூறுகள். இதனைப் பழமைப் பற்று என்று ஒதுக்குவதற்கில்லை. ரிச்சர்ட் டி டியர், கேல் பிறேகர் என்னும் ஆய்வாளர் இருவர் நான்கு கண்டங்களிலுள்ள 160 கட்டடங்களின் தரவுகளைத் தொகுத்து 1998 இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில் இருப்போர் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் இருப்போரினும் பரந்த வெப்பநிலை வேறுபாட்டை இதமெனவே ஏற்கின்றனர் என்று காட்டிற்று. யன்னலைத் தம் கையாற் திறக்க முடியும் என்னும் நிலையும், வெப்பம் நாளுக்கு நாள் மாறும் என்னும் எதிர்பார்ப்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இதம் என்பது வெப்பமானியில் மட்டும் அளக்கப்படுவதன்று. அது சுதந்திரத்தோடும் தொடர்புடையது என்பது இதனாற் பெறப்படும்.

1990 இல் போர் மயிலிட்டி மக்களை இடம்பெயர்த்தது. உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிய அவ்வூரின் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 யூலையிலேயே விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளிற் பலர் நலன்புரி முகாம்களின் தகரக் கூரைகளின் கீழ் வெந்தனர். பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பனிக்குள் வாழப் பழகினர். மீண்டு வந்தோர் கண்டவை இடிந்த சுவர்களும் பற்றைகளுமே. நிழல்தரும் மரம் ஓராண்டில் வளராது. சீமெந்துக் கூரையோ ஓராண்டில் எழுந்துவிடும். எனவே புதிய வீட்டிற்குக் குளிரூட்டி ஆடம்பரம் என்று எளிதில் இகழ்ந்துவிட முடியாது.

இங்கு ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்க்கலாம். ரொறன்ரோவிலிருக்கும் மகன் ஒருவன், மயிலிட்டியில் தனித்திருக்கும் தாய்க்குத் திறன்மிகு கட்டுப்பாட்டுடன் கூடிய குளிரூட்டி ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றான். தன் கைத்தொலைபேசியிலிருந்தே அதனை இயக்குகின்றான். வெக்கை மிகுந்த இரவில் அம்மா செலவுக்கு அஞ்சி அதனை அணைத்துவிடுவார் என்பது அவன் கவலை. அக்கவலை அன்பிற் பிறந்தது, ஐயமில்லை. ஆனால் தாய் அணைத்ததை மகன் மீண்டும் இயக்குவானாயின், அவ்வறையில் யாருடைய விருப்பம் ஆள்கின்றது? தன் வீட்டின் கதவு இருபத்தேழு ஆண்டுகள் பிறர் முடிவினாற் பூட்டிக் கிடந்ததைக் கண்டவர் அத்தாய். இவ்விரண்டையும் சமப்படுத்துதல் பெருந்தவறு. ஒன்று வன்முறை, மற்றையது பாசம். எனினும், பாசத்தின் பெயராலும் ஒருவரின் தீர்ப்பைப் பறிக்க இயலும் என்பதை மறத்தலாகாது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. மின்சாரம் பொதுச்சொத்து, ஒவ்வொருவரும் தம் விருப்பப்படியே குளிரூட்டினால் யாவரும் இருளில் மூழ்குவர் அல்லவா? 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த எமது நாட்டில் இதனை எவரும் மறுக்கார். ஆயினும் பொதுநன்மையை நாடும் வழிகள் ஒரே தன்மையன அல்ல. இந்தியா 2020 இலிருந்து அறைக் குளிரூட்டிகள் 24 பாகை செல்சியசையே தொடக்க அளவாகக் கொண்டு விற்கப்பட வேண்டுமென விதித்தது. பயனர் விரும்பினால் அதனை மாற்றலாம். இலங்கை மின்சார சபை 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, தேவை குறைந்திருந்தமையால், கூரைச் சூரியகலங்களைப் பகல் 3 மணி வரை தாமாகவே நிறுத்தி வைக்குமாறு வீட்டாரைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவின் கொலறாடோவிலோ, 2022 ஓகஸ்ட் 30 அன்று ஏறத்தாழ 22,000 வீட்டாரின் வெப்பநிறுத்திகளை மின்நிறுவனம் பூட்டியது. கடும் வெயிலிற் பல மணிநேரம் அவற்றை மாற்ற முடியாதிருந்தது. அவர்கள் நூறு டொலர்ச் சலுகைக்காக முன்னரே உடன்பட்டவர்கள் என்பது உண்மையே. ஆனால், உடன்பட்ட நாளில் எவரும் அன்றைய வெக்கையை உணர்ந்து உடன்படவில்லை. முதலாவது வழி பரிந்துரைக்கின்றது, இரண்டாவது வேண்டுகின்றது, மூன்றாவது கட்டாயப்படுத்துகின்றது. முன்னைய இரண்டும் குடிமகனின் மனச்சான்றோடு பேசுகின்றன. மூன்றாவதற்கு மனச்சான்று தேவையேயில்லை. ஒருவன் தானே அணைத்தாற்றான் அது தியாகம்; அவனுக்காகப் பிறர் அணைத்தால் அது வெறும் நிகழ்ச்சி.

உடைமை பற்றிய வினாவும் இதனோடு பிணைந்துள்ளது. நெஸ்ற் கருவியின் முதலிரு தலைமுறைகளுக்கான ஆதரவைக் கூகிள் நிறுவனம் 2025 ஒக்டோபர் 25 உடன் நிறுத்தியது. சுவரில் உள்ள கருவியைக் கையாற் திருகி இயக்கலாம்; தொலைவிலிருந்து இயக்க முடியாது. விலைகொடுத்து வாங்கிய பொருளின் ஆற்றல் வேறொருவரின் முடிவில் தங்கியிருக்குமாயின், நாம் வாங்கியது பொருளையா அல்லது அனுமதியையா?

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர், எவரது துணையுமின்றி, தம் கையால் நிறுத்தவும் இயக்கவும் கூடிய கருவியே தெரிவுக்குரியது. இணையம் அறுந்தபோதும் அது பணிசெய்தல் வேண்டும். தொலைவிலிருந்து ஆளும் வசதி இருக்குமாயின், அறையில் இருப்பவரின் சொல்லே இறுதியாதல் வேண்டும். கொடுத்த உடன்பாட்டை வேண்டும்போது மீளப்பெறும் வழியும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நிழலும் யன்னலும் செய்யக்கூடியதை இயந்திரத்திடம் கேளாதிருத்தல் நன்று.

கருவிகளை வெறுப்பது அறிவுடைமையன்று. இயந்திரம் பூட்டிய படகில் ஏறியதனால் மயிலிட்டிக் கடற்றொழிலாளி காற்றின் பெயர்களை மறந்துவிடவில்லை; சுக்கானும் அவன் கையிலேயே இருந்தது. வீட்டிற்குள் நாம் கொண்டுவரும் கருவிகளிடமும் அவ்வாறே வேலையைக் கொடுப்போம், சுக்கானைக் கொடாதிருப்போம்.