ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பர் சிலர். நட்சத்திர ஆமை செல்வம் தருமென்று குஞ்சினை விலைக்கு வாங்குவர் வேறு சிலர். இரண்டும் மயக்கமே என்போம் நாம். வீட்டால் கெடுவது ஆமைதான். வெயிலும் சுண்ணச்சத்தும் இன்றி அடைபட்ட குஞ்சின் ஓடு மென்மையுற்றுக் கோணும்.

"நாங்கள் அன்போடு வளர்ப்போமே" எனின், தாய் ஆமையே முட்டைகளை மண்ணில் புதைத்து அகல்கிறது. குஞ்சு தானே வெளிவந்து தானே மேய்கிறது. அதற்கு வேண்டுவது நம் கை அன்று, காடு.

உயிர் வாணிபம் உபாசகனுக்கு ஆகாதென விலக்கினார் பகவன் புத்தர். வாங்குவோன் இன்றி விற்போன் ஏது? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதனைத் தடுக்கிறது. வீட்டில் ஆமை உள்ளோர் வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை. கடத்தலினின்று மீட்ட ஆமைகள் இடுக்கி மாவட்டத்துச் சின்னாற்றுக் காட்டில் விடப்பட்டுள்ளன. அவை திரும்பி நோக்கி நன்றி கூறா. அந்நன்றியை வேண்டாது விடுதலே மைத்திரி. பிடித்து வைத்தல் பற்று.