சிறகும் தரையும்

ஆற்றல் பெருகப் பெருக மனிதன் விடுதலை பெறுகிறானா, அல்லது தான் வாழும் உலகையே இழந்துவிடுகிறானா? இந்தப் பழைய கேள்வியை அண்மையில் என் மாணவன் ஒருவன் புதிய உடையில் என்முன் நிறுத்தினான்.

மன்னார்த் தீவில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். அன்று கம்பனின் கடல்தாவு படலத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். கடலோடியின் மகனான ஒரு மாணவன் எழுந்து, "சேர், நான் விளையாடுகிற விளையாட்டில் கொஞ்சத் தூரம் பறந்தாலே களைத்து விழுந்துவிடுவேன். சிறகு தந்தவர்கள் களைப்பையும் ஏன் சேர்த்துத் தந்தார்கள்?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் குறிப்பிட்டது 2020இல் வெளியான 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற விளையாட்டை. கைத்தொலைபேசியிலேயே ஆடலாம். மலையும் காடும் நகரும் நிறைந்த ஒரு மாய உலகில் விரும்பிய திசையில் திரியலாம். உயரமான இடத்தில் ஏறி நின்று காற்றில் மிதந்து இறங்கச் சிறகு உண்டு. ஆனால் உடல் வலு தீர்ந்தால் வீழ்ச்சிதான்.

இத்தகைய உலகங்களைப் படைப்போருக்குப் பறத்தல் ஒரு தீராத சிக்கல். நடப்பவன் சேற்றைக் காண்கிறான், பகைவனைக் காண்கிறான், வழியில் உதவி கேட்கும் முதியவளைக் காண்கிறான். பறப்பவனுக்கு இவையாவும் கீழே நகரும் வெறும் நிறங்கள். 2002இல் வந்த 'மொரோவிண்ட்' விளையாட்டில் மந்திரத்தாலோ மருந்தாலோ எவரும் வானில் எழலாம். அதனை அடுத்து 2006இல் வந்த 'ஒப்லிவியன்' அந்த ஆற்றலை அடியோடு நீக்கிவிட்டது. அதன் நகரங்கள் வெளியுலகிலிருந்து பிரிக்கப்பட்ட தனி அறைகளாக அமைந்திருந்தன. மதிலுக்கு மேலே பறந்து செல்பவன் உண்மையான நகரைக் காணமாட்டான். படைத்தவனின் வசதிக்காகப் பிறந்த தடை அது.

'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' வேறு வழிகளை நாடியது. 2007இல் அங்கே பறத்தல் அறிமுகமானபோது, உச்ச நிலையான 70ஐ எட்டியவர்கள் மட்டுமே பறக்கலாம். விரைந்து பறப்பதற்கோ 5000 பொற்காசு வேண்டும். மாய உலகிலும் வானம் விலைப்பொருளாயிற்று! 2014இல் திறந்த புதிய நிலத்தில் பறத்தலே இல்லை. 2015 மே மாதத்தில், அந்த நிலத்துக்கு அதைத் தரப்போவதில்லை என்றார்கள். ஆடுவோர் கொதித்தெழுந்தனர். அடுத்த மாதமே ஓர் உடன்பாடு வந்தது: நிலம் முழுவதையும் நடந்து அறிந்து, பணிகளை முடித்தவன் பறக்கலாம். 2022இல் இன்னொரு மாற்றம்: தொடக்கத்திலேயே பறவைநாகம் கிடைக்கும், ஆனால் பாய்ந்து இறங்கி வேகம் பெற்றால்தான் மீண்டும் எழ முடியும். பறத்தல் ஒரு கலையாயிற்று.

தடை, விலை, உழைப்பு, பயிற்சி என எல்லை நான்கு வகைப்படுகிறது. இவற்றுள் எது நியாயமானது?

"விளையாட்டுத்தானே, நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆட வருகிறவனை ஏன் நடக்க வைத்து வருத்த வேண்டும்?" என்று கேட்பவரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். மாதச் சந்தா பெறுகின்ற நிறுவனம் ஆடுவோனின் பயணத்தை நீட்டும்போது, அது அவன் நன்மைக்காகவா, தன் வருவாய்க்காகவா என்ற ஐயம் எழுவது இயல்பே. எல்லை விதிப்பவன் யாருக்காக விதிக்கிறான் என்று கேட்பது நம் உரிமை. விலை என்னும் எல்லை இருப்பவனுக்கு வானத்தையும் இல்லாதவனுக்குத் தரையையும் பங்கிடுகிறது. ஆற்றலுக்கு அது எந்தப் பொறுப்பையும் கற்பிப்பதில்லை. உழைப்பும் பயிற்சியும் அப்படியல்ல. ஒருமுறை நடந்து அறிந்த நிலத்தின் மீது பறப்பவனுக்குக் கீழே இருப்பது வெறும் நிறமல்ல. அங்கே யார் வாழ்கிறார் என்று அவன் அறிவான்.

நம் காவியம் இதை முன்பே சிந்தித்திருக்கிறது. அனுமன் தன் ஆற்றலைத் தானே அறியாதிருக்கிறான். சாம்பவான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இளமையில் முனிவரைத் துன்புறுத்தியதால் வந்த சாபம் அது என்கிறது வான்மீகத்தின் உத்தர காண்டம். வலிமை பிறரைத் துன்புறுத்தியபோது அதற்கு எல்லை வந்தது. பொதுக் காரியத்துக்குத் தேவைப்பட்டபோது எல்லை விலகியது. மறுபுறம், எல்லையின்றி வானூர்தி வைத்திருந்தவன் அதைக் கொண்டு செய்தது என்ன? ஆதரவற்றுத் தனித்திருந்த ஒருத்தியைத் தூக்கிச் சென்றான்.

இன்னும் ஒன்று. ஒருவன் கடலைத் தாண்டிவிட்டான் என்பதால் கதை முடிந்துவிடவில்லை. எழுபது வெள்ளம் சேனைக்கும் சிறகு இல்லை. ஆகவே அணை கட்ட வேண்டியிருந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் தூரத்துக்குத் திட்டுத் திட்டாகக் கிடக்கும் மணலைத்தான் மக்கள் அந்த அணை என்கிறார்கள். அது இயற்கையின் படைப்பாகவே இருக்கட்டும். கதையின் நீதி மாறுவதில்லை. ஒருவனின் பறத்தல் வழியைக் கண்டறிந்தது. எல்லோரையும் கரை சேர்த்தது கல் சுமந்தவர்களின் உழைப்பு.

பனிக்காலத்தில் வங்காலைச் சதுப்பில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளைப் பாருங்கள். கண்டத்தையே கடந்து வந்த சிறகுகள் அவை. ஆயினும் இறங்கி இரை தேட அவற்றுக்கு ஈர நிலம் வேண்டும். தரையை அழித்துவிட்டால் வானமும் அவற்றுக்கு இல்லை.

மறுநாள் அந்த மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, களைப்பு உனக்குத் தண்டனையல்ல. நீ இறங்க வேண்டும் என்பதற்காகத் தந்தது. இறங்கினால்தான் அங்கே யார் இருக்கிறார் என்று தெரியும்."

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் சேர், காசு உள்ளவன் மட்டும் ஏன் இறங்காமலே போகிறான்?" என்றான்.

அவன் விளையாட்டைப் பற்றித்தான் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் விளையாட்டைப் படைப்போர் மட்டுமல்லர். உலகத்தின் விதிகளை எழுதும் நாம் எல்லோருந்தான்.