கட்டாத வீட்டுக்கு ஸகாத்

சொந்தமாக ஒரு கூரையில்லாதவன், அந்தக் கூரைக்காகச் சேர்க்கும் பணத்துக்கு ஸகாத் கொடுக்கத்தான் வேண்டுமா? வாடகை வீட்டிலிருக்கும் ஆசிரிய நண்பரொருவர் என்னிடம் கேட்டது இது. கேள்வியில் கோபமிருந்தது. ஒன்பது வருடங்களாகச் சம்பளத்திலும் சீட்டிலும் மிச்சம் பிடித்து இருபது இலட்சம் சேர்த்திருக்கிறார். பக்கத்து வளவில் மாடிவீடு. குடியிருக்கும் அந்த வீட்டுக்காக அதன் சொந்தக்காரர் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. இவரோ இந்த வருடம் ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டும்.

சட்டத்தில் சிக்கலில்லை. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நிஸாபை எட்டிய பணம் ஒரு சந்திர வருடம் கையிலிருந்தால் இரண்டரை வீதம் கடமையாகிறது. தங்கத்தைக் கொண்டு கணிப்பதானால் நிஸாப் 85 கிராம், அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்றுக் கூட. எதற்காகச் சேர்த்தாய் என்று சட்டம் கேட்பதில்லை. ஹனபி மத்ஹபின் பிற்கால அறிஞரிடையே, வீடு போன்ற அத்தியாவசியத் தேவைக்கென ஒதுக்கிய பணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. நண்பர் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டார். அதில் நான் குறை காணவில்லை.

எனினும், தேவைக்கான பணம் என்னுடையது, மிச்சத்தில்தான் ஏழைக்குப் பங்கு என்றொரு எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தேவை எங்கே முடிகிறது? முதலில் இரண்டு அறை, பிறகு மேல்மாடி, பிறகு மகளுக்கொரு வீடு. கிழக்கிலே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் முடிக்கும் வழக்கமிருக்கிறது. வீட்டில் மூன்று குமர்கள் இருந்தால் அந்த வாப்பா ஆயுள் முழுவதும் தேவையுள்ளவர்தான். அவரது பணம் ஒருநாளும் மிச்சமாகாது. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் மாப்பிள்ளை, வீட்டுக்குப் பணம் தேடி அலைபவர் பெண்ணின் வாப்பா. இந்தத் தலைகீழைத் தொடாமல் இரண்டரை வீதத்தின் பாரத்தை மட்டும் நாம் முறையிடுவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

பாரம் என்பதையும் சற்றுக் கணக்குப் பார்க்கலாம். 2021இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாவளவில் விற்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தை அண்மித்தது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அந்த ஒரு வருடம் வீட்டுப் பணத்திலிருந்து தின்றதை ஸகாத் பத்து வருடத்திலும் எடுத்திருக்காது. அதை விதியென்று பொறுத்துக்கொண்டோம்.

மாடிவீட்டோடு ஒப்பிட்டால் நண்பர் ஏழைதான். கொழும்பு முடுக்குகளில், முற்பணம் கொடுக்க வழியின்றி ஓரறைக்குள் மாறி மாறிக் குடியிருக்கும் குடும்பங்களோடு ஒப்பிட்டால் அவர் செல்வந்தர். நிஸாப் இந்த இரண்டாவது ஒப்பீட்டையே செய்கிறது. ஸகாத்தைக் கூட்டாகச் சேர்க்கும் ஊர்கள் பலவற்றில் அதிலொரு பகுதி வீடற்றோருக்கு வீடு கட்டவே செலவாகிறது என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

வருடம் நிறையுமுன் காணி வாங்கிவிடச் சொல்வோரும் உண்டு. குடியிருக்க வாங்கும் காணிக்கு ஸகாத் இல்லை, விற்று இலாபம் பார்க்க வாங்கியதற்கு உண்டு. நல்ல காணி அகப்பட்டு வாங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஐம்பதாயிரத்தைத் தப்பவைக்க அவசரப்பட்டு, உறுதி சரியில்லாத வளவில் முழுப் பணத்தையும் போட்டவர்களுக்கு என்ன சொல்வது? மனைவியின் நகையாக மாற்றிவைப்பதும் இப்படித்தான். அணியும் நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் விலக்குண்டு, சேமிப்பாகப் பூட்டிவைத்ததற்கு இல்லை.

சேமிக்கத் தொடங்கும்போதே இதையும் வீட்டுச் செலவில் ஒன்றாக எழுதிக்கொள்வதே நல்லதென்பது என் அபிப்பிராயம். இருபது இலட்சத்துக்கு மாதம் நாலாயிரத்து இருநூறு ரூபாவளவில் வரும். சந்திர வருடம் நம் சம்பளக் கணக்கைவிடப் பத்துப் பதினொரு நாள் முந்திவிடும். திகதியையும் குறித்துவைக்க வேண்டும்.