விற்பது வீடு மட்டும்தானா?

நண்பர்களே, இது எங்கள் வீட்டில் நடந்த விஷயம். உங்கள் வீட்டிலும் ஒருநாள் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ரிங்லெட்டில் இருக்கும் தாத்தா வீட்டை விற்க அப்பா முடிவு செய்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, லயத்து வீட்டை ஒருநாள் காலி செய்யத்தான் வேண்டும் என்று யோசித்துச் சேர்த்து வைத்து வாங்கிய பலகை வீடு அது. கிராண்டு உள்ள நிலம். கேமரன் மலையில் நிறையப் பேர் டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்தில் இருக்கிறார்கள். அதை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். பாட்டியும் போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. தங்கச்சி படிப்புக்குப் பணம் வேண்டும். ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், பிடித்துப் போய்விட்டது.

சிக்கல் பின்கட்டில் இருந்தது. அங்கே ஒரு தண்ணி டேங்கு. மேட்டு ஓடையிலிருந்து கறுப்பு பாலி பைப்பில் தண்ணி இறங்கி அதில் விழும். அதிலிருந்து மூன்று பைப்பு பிரியும். ஒன்று எங்களுக்கு, மற்ற இரண்டும் கீழே இருக்கும் இரண்டு வீடுகளுக்கு. தாத்தாவும் கீழ்வீட்டு மாமாவும் தோளில் பைப்பைச் சுமந்து போட்டதாம். முப்பது வருஷம் ஆச்சு. ஒரு துண்டுப் பேப்பர்கூட எழுதிக்கொள்ளவில்லை.

வாங்க வந்தவர் கூரையைக் கேட்டார், கரையானைக் கேட்டார், டேங்கைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. "அவரா கேட்டா சொல்லுங்க சார். கேக்காத கேள்விக்கு நாம ஏன் பதில் சொல்லணும்?" என்றார் ஏஜென்ட். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறோம்?

அந்த வாரம் கீழ்வீட்டு அத்தை மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தார். போகும்போது வாசலில் நின்று, "வீட்டைக் குடுத்துட்டா எங்களுக்குத் தண்ணி எப்படிப்பா வரும்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கிழங்கைப் பார்த்தேன்.

அப்பாவும் நானும் லாயரிடம் போனோம். அவர் சொன்னது எனக்குப் புதுசு. இந்தியாவில் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒருவர் இருபது வருஷம் தடையில்லாமல், தன் உரிமையாகவே ஒரு வழியையோ நீரையோ அனுபவித்து வந்தால், அது சட்டப்படி உரிமையாகவே ஆகிவிட முடியும். தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் கிணற்றில் இத்தனை பங்கு, மாமூல் வழிநடைப் பாத்தியம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, நிலத்தோடு சேர்ந்து அதுவும் கைமாறும். நம் நாட்டில் அப்படி இல்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில், எத்தனை வருஷம் அனுபவித்தாலும் அந்த அனுபவமே உரிமை ஆகாது. ஈஸ்மென்ட் வேண்டுமென்றால் நில அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாத்தா கொடுத்தது வெறும் வாய்ச்சொல் அனுமதி. நிலம் கைமாறினால் புது முதலாளியை அது கட்டுப்படுத்தாது. இன்னொன்றும் சொன்னார்: 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி பகாங்கில் ஆறும் ஓடையும் மாநில ஆட்சியாளருக்கே சொந்தம். அதாவது அந்தத் தண்ணி எங்களுடையதும் இல்லை.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. சட்டம் நம் பக்கம்! அப்பாதான், "அப்போ அவங்க பக்கம் யாரு இருக்கா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த அத்தையின் தண்ணியைச் சட்டம் காப்பாற்றும் என்றால் நாங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். சட்டம் காப்பாற்றாது என்று தெரிந்த பிறகு, அவருக்காகப் பேசக்கூடியவர்கள் நாங்கள் மட்டும்தான். அதுவும் கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நாங்கள் ஆசைப்பட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"முப்பது வருஷம் சும்மா குடுத்தோம். அதுக்கு மேல என்ன கடமை?" என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். முதலில், அது சும்மா கொடுத்தது இல்லை. பைப்பில் பாதி மாமாவின் உழைப்பு. சரி, முழுக்கத் தானம் என்றே வைத்துக்கொள்வோம். தானத்தை நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் நம்மை நம்பி ஒருவர் குழந்தை குட்டியோடு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்துவது தர்மமா? நாளைக்கு நிறுத்தப்போகிறோம் என்றால் இன்றைக்குச் சொல்ல வேண்டும். வேறு வழி தேட நேரம் கொடுக்க வேண்டும்.

வாங்குகிறவருக்கும் இதில் அநியாயம் நடக்கிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு விற்றால், ஒருநாள் அவர் டேங்கைப் பார்ப்பார், யாருடைய பைப்பு என்று தெரியாமல் அடைப்பார். ஊர் அவரைத் திட்டும். அடைப்பது அவர் கை, ஆனால் அடைக்க வைத்தது நாங்கள். நம் பாவத்தையும் சேர்த்து அவருக்கு விற்றதாகத்தானே அர்த்தம்? திருவள்ளுவர் வாணிகத்தைப் பற்றி நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் பேசுகிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பார்த்துச் செய்வதே வாணிகம் என்கிறார். நான் அந்த வீட்டை வாங்கினால் டேங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவேனா? கண்டிப்பாக. அதற்கு மேல் என்ன வாதம்?

ரிங்லெட்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊர் சுல்தான் அபு பக்கர் அணை 1963இல் கட்டியது. மேலே காடு வெட்டிய மண்ணெல்லாம் வந்து படிந்து படிந்து அதன் கொள்ளளவு குறைந்துபோனது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நீரைத் திறந்துவிட வேண்டி வந்தபோது, கீழே பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மேட்டில் இருப்பவன் செய்வது பள்ளத்தில் இருப்பவன் வாசலுக்கு வந்து சேரும். எங்கள் டேங்கும் சின்ன அளவில் அதே கணக்குதான்.

அப்பா வாங்குகிறவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நாள் பதிலே இல்லை. ஏஜென்ட் எங்கள்மேல் கோபப்பட்டார். நான்காம் நாள் அவரே வந்தார். நான் டேங்கு, பைப்பு, மூன்று வீடு எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். வாளியும் கைப்பேசியும் வைத்து ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி வருகிறது என்று அளந்தும் காட்டினேன். நான்கு வருஷப் பொறியியல் படிப்பில் நான் செய்த உருப்படியான முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் இப்படி முடிந்தது: கீழ்வீடுகள் இரண்டும் ரோட்டோரம் போகும் அரசாங்கக் குழாயிலிருந்து தனித்தனி மீட்டர் எடுப்பது. அதுவரை, ஆறு மாதம், பழைய பைப்பை யாரும் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. புதுப் பைப்புச் செலவில் பாதி எங்களுடையது. அவர் விலையையும் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்கினார். தங்கச்சியின் முதல் செமஸ்டர் பணத்தில் ஒரு பங்கு போனது. அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. அவர் வருத்தத்தைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. தர்மம் செலவில்லாமல் நடக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லையே.

நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். நம் வீட்டுக் கம்பியில், பைப்பில், பாதையில் வேறு யார் வாழ்க்கை ஓடுகிறது? நம் வாழ்க்கை யாருடைய நிலத்தின் வழியாக வருகிறது? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் பதிவும் செய்யுங்கள். தாத்தாவும் மாமாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைக்கு அன்றைக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது.