முகவரியுள்ள நன்றி

2009 மே மாதம் போர் முடிந்து சில நாட்களுக்குள் நான் படிப்பித்துக்கொண்டிருந்த பாடசாலைக்கு ஓர் அறிவுறுத்தல் வந்தது. மாணவர் ஒவ்வொருவரும் படைவீரருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். கரும்பலகையில் ஒரு மாதிரிக் கடிதத்தை எழுதிப் போட்டேன். பிள்ளைகள் குனிந்து பார்த்தெழுதினார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பையன் மட்டும் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்:

"சேர், இத யாருக்கு எழுதுற? பேர் ஒண்டும் இல்லியே?"

"'அன்பின் படைவீரருக்கு' எண்டு போடுங்க மகன்."

அவன் போட்டான். அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

நன்றி பாராட்டுவது நமக்கு வெறும் நாகரிகமல்ல, மார்க்கக் கடமை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அப்படியிருக்க, மழையிலும் வெயிலிலும் காவலரணில் நின்றவனுக்கு நான்கு வரி எழுத ஏன் தயங்க வேண்டும்? அதிலும் வடகிழக்கு முஸ்லிம்களுக்கு அந்தப் போரின் முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். போர் முடிந்தபோது மனதில் ஒரு பாரம் இறங்கியது என்பதை மறைத்தால் நான் பொய்யன்.

ஆயினும் கரும்பலகையில் நான் எழுதிய கடிதம் பொய்யாகவே இருந்தது. ஏனென்று விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

நான் உண்மையிலேயே கடன்பட்ட படைவீரன் ஒருவன் இருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறி நடந்து, வவுனியாவை அண்டிய இராணுவக் காவலரணை அடைந்தபோது எங்கள் மூத்தம்மாவுக்கு நா வறண்டு பேச்சு வரவில்லை. சோதனைக்கு நின்ற சிப்பாய் ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அவ வாயருகே தானே பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவவுக்குச் சிங்களம் தெரியாது. "அல்லா ஒனக்கு ரஹ்மத் செய்வான் மகன்" என்று அவ கையேந்தினா. அவன் தலையசைத்தான். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. 2009 இல் நாற்பது பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் தாய்நாடு இருந்தது, வெற்றி இருந்தது, அந்தத் தண்ணீர் இருக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னர், 1990 செப்டம்பர் 9 இல், மட்டக்களப்புக்கு அருகே சத்துருக்கொண்டானில் 184 தமிழர் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர்தப்பியவரின் சாட்சியம் இராணுவத்தினரையே சுட்டியது. தண்ணீர் கொடுத்தவனும் அவர்களும் அணிந்திருந்தது ஒரே சீருடை. நான் சீருடைக்கு நன்றி எழுதினால் சத்துருக்கொண்டானுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தவனாவேன். அந்த மனிதனுக்கு எழுதினால் என் கையெழுத்து அந்தப் போத்தலோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எங்கள் வகுப்பறையில் கடிதம் எழுதப்பட்ட அதே நாட்களில் 3 இலட்சத்தை அண்மித்த வன்னித் தமிழர்கள் மெனிக் பாம் முதலான முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அவர்களிலும் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். 1990 இல் நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தபோது, பக்கத்து ஊர்ப் பாடசாலை ஒன்று எங்களை விரட்டியவர்களுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியதாகக் கேள்விப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நம் நிம்மதி உண்மையானது. ஆனால் அடுத்த வீட்டு மையித்தின் முன்னால் நிம்மதியைக் கூட அடக்கித்தான் சொல்ல வேண்டும். அந்த அடக்கம் நம் வாப்பாமார் பழக்கிய பழக்கம்.

நம்மவர் பலர் அன்று எழுதியதற்கு நன்றியைவிட அச்சமே காரணம் என்றும் நினைக்கிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு விசுவாசமானவர்கள் என்பதற்கு அது ஓர் அத்தாட்சிப் பத்திரம். படைக்குள்ளேயே உயிர் கொடுத்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். 2005 இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட புலனாய்வு அதிகாரி நிசாம் முத்தலிப் ஒருவர். அப்படியிருந்தும் 2014 ஜூனில் அளுத்கமையில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எந்த அத்தாட்சியையும் யாரும் கேட்கவில்லை. பயத்தில் சொல்லும் நன்றி காப்பாற்றவும் மாட்டாது, நன்றியாகவும் மாட்டாது.

ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். "கால் இழந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற பெடியனுக்கு ஒரு சின்னப் பிள்ளையின் கடிதம் ஆறுதல் தராதா? அவனா போரைத் தொடக்கினான்?" நியாயமான கேள்வி. ஆறுதல் தரும். ஆனால் அந்தக் கட்டிலில் கிடப்பவன் வறிய கிராமமொன்றிலிருந்து சம்பளத்துக்காகவும் சேர்ந்திருப்பான். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று யாராவது கேட்பதுதான் பெரிய ஆறுதல். மாதிரிக் கடிதம் அதைக் கேட்பதில்லை. 2018 இல் அங்கவீனமுற்ற படைவீரர்கள் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்புக் கோட்டையில் போராட வேண்டியிருந்தது. பாராட்டைப் பிள்ளைகளிடம் எழுதி வாங்குவது எளிது. கடனைத் தீர்க்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

நன்றிக் கடிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வகுப்பு இன்று திரும்பக் கிடைத்தால் கரும்பலகையை வெறுமையாக விட்டுவிடுவேன். உன் வீட்டாருக்கு ஒரு படைவீரன் நல்லது செய்திருந்தால் அதை எழுது, தீங்கு செய்திருந்தால் அதையும் எழுது, ஒன்றும் தெரியாவிட்டால் எழுதாதே என்பேன். அதிபரிடம் நான் ஏச்சு வாங்கியிருப்பேன். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் அன்று மாதிரியை எழுதிப் போட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மூத்தம்மா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டா. அந்தச் சிப்பாய் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. அன்று அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: பேர் தெரியாட்டி பரவாயில்ல மகன், அவர் செஞ்சது என்னெண்டு தெரிஞ்சா மட்டும் எழுதுங்க.