ஓடாதவன் மார்பில் ஓடினவன் பதக்கம்

உலகில் விலைக்கு வராத பொருள் யாது என்று கேட்டால், உழைத்துப் பெற்ற பெருமை என்று பலரும் விடை பகர்வர். ஆனால் அப்பெருமையின் அடையாளமோ நாள்தோறும் விலை போய்க்கொண்டிருக்கிறது. நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களில் ஓடி முடித்தோர் அனைவர்க்கும் அளிக்கப்படும் பதக்கங்கள், பழம்பொருட் கடைகளிலும் ஈபே போன்ற இணைய ஏலச் சந்தைகளிலும் விற்கப்படுகின்றன, வாங்கப்படுகின்றன. பாஸ்டன், லண்டன், நியூயார்க் ஆகிய பெருநகர மாரத்தான்களின் பதக்கங்களும் அவற்றுள் உண்டு. ஓடினவன் ஏன் விற்கிறான்? ஓடாதவன் ஏன் வாங்குகிறான்? இதிற் குற்றம் உண்டா, இல்லையா? வினா சிறிதாகத் தோன்றினும், மனிதன் தன்னைப் பிறர்க்குக் காட்டிக்கொள்ளும் முறையைப் பற்றியதாகலின், ஈண்டு ஆராயத் தக்கதென்று கருதுகிறோம்.

முதலில் அப்பொருள் இன்னதென்று அறிவோம். வெற்றிப் பதக்கம் வேறு. முடித்தோர் பதக்கம் வேறு. முன்னது முதலில் வந்த சிலர்க்கு உரியது. பின்னது, குறித்த காலத்துக்குள் எல்லைக்கோட்டைக் கடந்த ஒவ்வொருவர்க்கும் உரியது. மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அத்தூரம், 1921இல் உலகுக்கெல்லாம் பொதுவாக நிலைநாட்டப்பட்டது. அதனை இரண்டேகால் மணியில் கடப்பவனுக்கும், ஐந்தரை மணியில் தள்ளாடிக் கடப்பவனுக்கும் பெரும்பாலும் ஒரே பதக்கந்தான். துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்த்து, மேலே முலாம் பூசி, நாடாவில் கோத்த வில்லையே அது. உருக்கி விற்றால் ஒரு வேளைச் சோற்றுக்குக் காணாது.

ஆகவே அதன் மதிப்பு உலோகத்தில் இல்லை. அது கூறும் சாட்சியத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்னும் நகரங்களுக்கிடையே 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் முடிந்தவுடன் துப்பாக்கி வெடிக்கும். வெடியோசைக்கு ஒரு நொடி பிந்தி வந்தவனுக்கும் பதக்கம் இல்லை. அவன் சிந்திய வேர்வையும் வேர்வைதான். பட்ட நோவும் நோவுதான். ஆயினும் சாட்சி கிடையாது. இவ்வளவு கண்டிப்பு இருப்பதனாலேயே அச்சிறு வில்லைக்குப் பேசும் ஆற்றல் உண்டாகிறது.

இனி விற்போரை நோக்குவோம். தந்தை இறந்தபின் வீட்டை ஒழிக்கும் மக்கள் விற்கிறார்கள். கைப்பொருள் இல்லாதவர் விற்கிறார்கள். பல பந்தயங்கள் ஓடிப் பெட்டி நிறைந்துவிட்டதென்று விற்போரும் உளர். இவர்கள் மீது யாம் குற்றம் காணவில்லை. பதக்கத்தை விற்றவன் ஓட்டத்தை விற்கவில்லை, விற்கவும் முடியாது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெற்ற தங்கப் பதக்கங்களுள் ஒன்று, 2013இல் ஏறத்தாழ 14 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவரை உலகம் ஓவன்ஸ் என்று அழைக்கவில்லை. போலந்து நாட்டு ஈட்டி எறி வீராங்கனை மரியா ஆந்திரெய்சிக், டோக்கியோவில் தாம் பெற்ற வெள்ளிப் பதக்கத்தை 2021இல் ஏலத்தில் வைத்தார். ஒரு குழந்தையின் இதய அறுவைக்குப் பணம் வேண்டியிருந்தது. ஏலத்தில் வென்ற வணிக நிறுவனம் பணத்தைக் கொடுத்துப் பதக்கத்தை அவரிடமே விட்டுவிட்டது. இத்தகைய விற்பனையால் பதக்கம் இழிவடைந்தது என்று சொல்ல யாருக்கு நா எழும்?

வாங்குவோர் நிலை அவ்வளவு எளிதன்று. அவருள்ளும் பல திறத்தார் உண்டு. நாணயமும் தபால்தலையும் சேர்ப்பவர்போல் பதக்கம் சேர்ப்பவர் ஒருவர். 1896இல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஸ்பிரிதோன் லூயிஸ் பெற்ற வெள்ளிக் கிண்ணத்தை, 2012இல் ஒரு கிரேக்க அறநிலையம் 5,41,250 பவுனுக்கு வாங்கி, மக்கள் காணும்படி காட்சிக்கு வைத்தது. இது வரலாற்றைக் காக்கும் செயல். தீயிலும் வெள்ளத்திலும் களவிலும் தம் பதக்கத்தை இழந்து, அதைப்போன்ற வேறொன்றைத் தேடி வாங்குபவர் இன்னொருவர். அவர் வாங்குவது தம் நினைவுக்கு ஒரு துணை. மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் ஓடியதும் இல்லை. ஓட முயன்றதும் இல்லை. வாங்கிய பதக்கத்தைக் கூடத்தில் மாட்டி, விருந்தினர் கேட்கும்போது புன்முறுவல் பூக்கிறார். நம் ஆராய்ச்சி இவரைப் பற்றியதே.

பொருள் ஒன்று, விலை ஒன்று, கைமாறிய முறையும் ஒன்று. ஆயினும் மூவர் செயலும் மூன்று செயல்கள். எண்ணமே வினை என்பது நாம் கற்ற பாடம். செயலைப் புறத்தே நின்று அளந்தால் மூவரும் சமம். எண்ணத்தை அளந்தாலன்றி வேற்றுமை விளங்காது.

“அவர் வாய் திறந்து பொய் சொல்லவில்லையே!” என்பர் சிலர். பொய் நாவினால் மட்டும் சொல்லப்படுவதன்று. ஆலை வாயிலில் இன்னொருவன் வருகை வில்லையை எடுத்து மாட்டுகிறவன் ஒரு சொல்லும் சொல்வதில்லை. வில்லை வந்தது, ஆள் வரவில்லை. அதுவும் பொய்தான்.

“அதனால் எவர்க்கு என்ன நட்டம்?” என்பது அடுத்த கேள்வி. இது வலிமையுள்ள கேள்வி. இதனைத் தட்டிக் கழிக்கலாகாது. 1980இல் பாஸ்டன் மாரத்தானில் ரோசி ரூயிஸ் என்னும் பெண் மகளிருள் முதலாவதாக வந்ததாக மாலை சூட்டப்பட்டார். அவர் முழுத் தூரமும் ஓடவில்லை என்று முடிவாகி, எட்டு நாட்களுக்குப்பின் வெற்றி நீக்கப்பட்டது. உண்மையில் வென்ற கனடா நாட்டு ஜாக்குலின் காரோவுக்கு வெற்றி திரும்பக் கிடைத்தது. ஆனால் எல்லைக்கோட்டில் எழுந்திருக்க வேண்டிய ஆரவாரம் திரும்பக் கிடைக்குமோ? அங்கே பறிகொடுத்தவர் யாரென்று தெரிகிறது. முடித்தோர் பதக்கத்தை விலைக்கு வாங்கியவர் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. உண்மை. ஆயினும் கள்ள நாணயம் ஒன்று புழங்கினால், நல்ல நாணயம் வைத்திருப்பவனும் அதைத் தட்டிக் காட்ட வேண்டியவனாகிறான். வெயிலில் ஐந்தரை மணி நேரம் ஓடி வந்த எளியவனுக்கு அவ்வில்லையைத் தவிர வேறு சாட்சி எது? செய்தித்தாளில் அவன் பெயர் வராது. “நீயும் கடையில் வாங்கினாயோ?” என்று ஒருவன் அவனைக் கேட்கும் நாள் வந்தால், அந்த நட்டம் அவனுடையதே.

இன்னொரு நட்டமும் உண்டு, அது வாங்கினவர்க்கே. புகழுரை கேட்கும்போதெல்லாம் அவர் தனக்குள், ‘இது எனக்கன்று’ என்பதையும் கேட்கிறார். பிறர் மதிப்பைப் பெறுவதற்காக வாங்கிய பொருள், தன் மதிப்பை நாள்தோறும் தின்கிறது.

ஆயினும் அவரை எள்ளி நகையாட நாம் உடன்படோம். அவர் ஏன் வாங்கினார்? மனிதன் சொல்லை நம்பாது, அவன் கழுத்தில் தொங்குவதை நம்பும் உலகில் அவர் வாழ்கிறார். பாட்டன் பெயராலும் குலத்தின் பெயராலும் தாம் ஓடாத ஓட்டத்துக்குப் பதக்கம் பூண்டு திரிவோரை இவ்வுலகம் வணங்கி நிற்கிறது. அவர்களைக் கேளாத கேள்வியை, சில நூறு ரூபாய்க்கு வில்லை வாங்கிய ஏழை மனத்தானை மட்டும் கேட்பது நியாயமன்று. கேட்பதானால் இருவரையும் கேட்க வேண்டும்.

அடையாளம் கைமாறுவதிலேயே பொய் இருக்கிறதோ எனின், இல்லை. அமெரிக்க மருத்துவர் ஒருவரால் 2005இல் தொடங்கப்பட்ட ‘மெடல்ஸ் ஃபார் மெட்டில்’ என்னும் அமைப்பு, ஓட்டக்காரர்கள் மனமுவந்து தரும் முடித்தோர் பதக்கங்களைக் கடும் நோயோடு போராடுவோர்க்கு அளிக்கிறது. படுக்கையிற் கிடக்கும் குழந்தை 42 கிலோமீட்டர் ஓடவில்லை. எனினும் அதன் மார்பில் அப்பதக்கம் பொய் பேசவில்லை. கொடுத்தவர், பெற்றவர், கண்டவர் மூவர்க்கும் உண்மை தெரியும். ஆகவே பதக்கம் எவர் மார்பில் இருக்கிறது என்பது வினாவன்று. அதைப்பற்றி என்ன நம்பும்படி விடுகிறோம் என்பதே வினா.

இதிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இது. விற்பவர், பொறித்த பெயரைச் சுரண்டாமல், இது இன்ன பந்தயத்தது, இன்ன ஆண்டினது என்று உண்மை கூறி விற்கட்டும். வாங்குபவர், ‘யாருடையது?’ என்று எவரேனும் கேட்டால், ‘வாங்கினேன்’ என்று கூசாமல் சொல்ல முடியுமானால் வாங்கட்டும். அச்சொல் தொண்டையில் சிக்குமென்று தோன்றினால் பணத்தைப் பையிலேயே வைக்கட்டும். முதற் பரிசு ஒருவனுக்கே கிட்டும். முடித்தோர் பதக்கத்துக்கு அந்தக் கட்டில்லை. மும்பையில் 2004இல் தொடங்கிய மாரத்தான் உள்ளிட்டு, அதனை அளிக்கும் பந்தயங்கள் நம் நாட்டிலும் உண்டு. நாளைக் காலை விடியுமுன் எழுந்து ஒரு கல் தொலைவு நடக்கத் தொடங்குபவன், அதன் விலையில் முதல் தவணையைச் செலுத்திவிட்டான்.